அண்ணியின் கத்தரியும் ரிஜெக்ட் அக்காவின் பசையும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனியில் அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ரிஜெக்ட் அக்கா. முகத்துக்கு நேரே "அக்கா" என்பார்கள். தலை மறைந்ததும் முன்பாதி தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அவளுக்கும் இது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

கம்பெனி செய்து விற்பது கண்ணுக்குத் தெரியாத கத்தரிகள். டி.என்.ஏ. இழையைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில், அந்த இடத்தில் மட்டும், வெட்டுகிற நொதிகள். ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் வாங்கிப் போய் ஒன்றை வெட்டி, இன்னொன்றோடு ஒட்டி, என்னென்னவோ செய்வார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. டியூபுக்குள் இருப்பது ஒழுங்கான கத்தரியா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

வெட்டுகிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். வெட்டின முனை எப்படி இருக்கிறது என்பதில்தான் சங்கதி. நுண்ணுயிரை வளர்த்து, உடைத்து, அதிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுக்கும்போது, அழையாத விருந்தாளிகளாக வேறு சில நொதிகளும் கூடவே வந்துவிடும். வெட்டின முனையைக் கொறித்துத் தின்கிற ரகம் அவை. எலி கடித்த துணி போலாகிவிட்ட முனையைப் பிறகு எந்தப் பசையாலும் சேர்க்க முடியாது. ஆகவே அவள் முதலில் வெட்டுவாள். வெட்டினதை ஒட்டு நொதி போட்டு ஒட்டுவாள். ஒட்டினதை மறுபடி அதே கத்தரியால் வெட்டுவாள். மூன்றையும் ஜெல் என்கிற கூழ்ப் பாளத்தில் மின்சாரம் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி விளக்கில் வைத்துப் பார்த்தால், வெட்டினது துண்டு துண்டாக, பட்டை பட்டையாகக் கீழே நிற்க வேண்டும். ஒட்டினது நீளம் கூடி மேலே நிற்க வேண்டும். மறுபடி வெட்டினது பழைய இடத்துக்கே இறங்கியிருக்க வேண்டும். எதிலாவது ஒன்றில் பிசகினால் அந்த பேட்ச் முழுவதும் குப்பைக்குத்தான்.

"வெட்டி, ஒட்டி, மறுபடியும் வெட்டுறதுக்கா உனக்கு மாசச் சம்பளம் குடுக்கிறாங்க?" என்று கல்யாணமான புதிதில் புருஷன் கேட்டார். அப்படிக் கேட்டது அதுதான் கடைசி. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகலெல்லாம் தன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் காரில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் அவர் பக்கம் பிரேக் கிடையாது.

சோதிக்கிற புத்தி கம்பெனி வாசலோடு நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. பாலை முகர்ந்து பார்ப்பாள். கடைக்காரன் புதுப் பால் என்று சத்தியம் செய்தால் இரண்டாவது தடவையும் முகர்ந்து பார்ப்பாள். அவள் தெருமுனையில் தலை காட்டியதுமே காய்கறிக்காரர் நசுங்கிய தக்காளிகளைக் கூடைக்கு அடியில் தள்ளிவிடுவார். அவள் அடியிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பாள். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், சிக்கனத்திலும் சளைத்தவள் இல்லை. பற்பசை டியூபை நெடுக வெட்டி வழித்தெடுப்பாள். கரைந்து வில்லையாகிப்போன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் பேசினதையும் சோதிப்பாள் என்ற பயம்.

இப்பேர்ப்பட்டவளை அந்த வேலையில் கொண்டுவந்து சேர்த்தது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான்.

நாத்தனார் புருஷனுக்கு மூத்தவர்; இவள் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருப்பவர். கம்பெனியில் அந்த நொதிகளைப் பிரித்துச் சுத்தம் செய்கிற குளிர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவர். அறைக்குள் வேறு யாரும் ஒரு பாட்டிலை நகர்த்திவிட முடியாது. தன் சொந்தத்தில் ஒரு ஆள் சோதனைப் பக்கம் இருந்தால் நமக்கும் அனுசரணையாக இருக்குமே என்று, தம்பி மனைவி விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்து, மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். அனுசரணை எப்படி இருந்தது என்றால், சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அண்ணி செய்த பேட்ச் ஒன்றை ரிஜெக்ட் செய்துவிட்டாள். அந்தப் பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

"உன்னைக் கொண்டுவந்து இங்க உக்கார வெச்சதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்," என்றார் அண்ணி.

"டி.என்.ஏ.வுக்கு நீங்க யாருன்னு தெரியாதுல்ல அண்ணி," என்றாள் இவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அந்த ரிஜெக்டுக்குப் பிறகு அண்ணியின் கத்தரி ஒரு பங்கு கூராயிற்று. வருஷக்கணக்கில் இரண்டு பேரும் இப்படியே ஓட்டினார்கள். காலையில் அண்ணி ஸ்கூட்டர் ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்து போவாள். மாலையில் அதே மாதிரி திரும்புவார்கள். சண்டை வந்தாலும் ஸ்கூட்டர் நிற்காது; பேச்சு மட்டும் நின்றுவிடும். பெட்ரோல் விற்கிற விலையில் தனித்தனியாகப் போக இரண்டு பேருக்கும் மனசு வராது.

சங்கடம் ஆரம்பித்தது ஒரு பெரிய ஆர்டரில். வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று கம்பெனியின் நொதிகளில் ஒன்றை மொத்தமாகக் கேட்டது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அண்ணி அந்த ஒன்றை மட்டும் செய்தார். முதல் பேட்ச் சோதனைக்கு வந்தது. வெட்டியது, பிரமாதமாக. ஒட்டவில்லை. ஜெல்லில் துண்டுகள் வெட்டின இடத்திலேயே மேலேறாமல் கிடந்தன. முனை கொறிபட்டிருக்கிறது என்று அவள் ரிஜெக்ட் முத்திரை குத்தினாள்.

இரண்டாவது பேட்ச் வந்தது. அதுவும் ஒட்டவில்லை. மறுபடி முத்திரை.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பணம் நஷ்டமானால் முகம் மாறிவிடும். "மூணாவதும் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுமா. முதலாளி குளிர் ரூமை மூடச் சொல்லிட்டாரு. வெளிய இருந்து மொத்தமா வாங்கி, நம்ம லேபிளை ஒட்டி விப்போம். உங்களை பேக்கிங் பக்கம் போட்டுக்கலாம்னு இருக்கோம்," என்றார் அண்ணியைப் பார்த்து.

அண்ணி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தன் கையால் கட்டி எழுப்பின அறை அது. அதை விட்டு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டப் போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தக் குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒட்டாததை ஒட்டியது என்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து ஸ்கூட்டரில் பேச்சுமூச்சு இல்லை. மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வரும் தட்டுகளும் கிண்ணங்களும் நின்றுபோயின. நடுவில் மாட்டிக்கொண்டவர் புருஷன்தான். அக்கா முகத்தைப் பார்த்தால் மனைவியைத் திட்டத் தோன்றும். மனைவி முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றாது, பயமாக இருக்கும்.

மூன்றாவது பேட்ச் சோதனைக்கு வந்த அன்று சாயங்காலம், வீட்டில் அவள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது புருஷன் மெல்ல ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவப்படாதே."

"கோவப்படுற விஷயமா இருந்தா படுவேன்."

"இந்தத் தடவை எப்படி இருந்தாலும் பாஸ்னு போட்டுடேன். வேணும்னா மூணையுமே பாஸ்னு மாத்திடு. அக்கா பாவம்."

"உங்ககிட்ட ஒருத்தர் வந்து, எனக்கு பிரேக் எதுன்னே தெரியாது, ஆனா லைசென்ஸ் வாங்கிக் குடுத்துடுங்கன்னா குடுப்பீங்களா?"

"எங்க அக்கான்னா குடுப்பேன்," என்றார் அவர், யோசிக்காமல்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு துண்டில் கையைத் துடைத்தாள். அவள் ஏற்கெனவே மூன்றாவது பேட்சை ஓட்டிப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. அதுவும் ஒட்டவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று மேனேஜரிடம் ஒரு நாள் தவணை வாங்கியிருந்தாள். எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. முன்னால் தண்ணீர் லாரி ஒன்று சொட்டிக்கொண்டு நின்றது. அண்ணி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பழைய நல்ல பேட்சை பக்கத்துல வெச்சு ஓட்டினியா?"

சிக்னல் விழுந்தது. அண்ணி வண்டியை எடுத்தார்.

அது என்ன கேள்வி என்றால், சோதனை செய்கிறவர்கள் புது நொதியை ஓட்டும்போதெல்லாம், நல்லது என்று ஏற்கெனவே நிரூபணமான பழைய நொதி ஒன்றையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். பழையதும் சரியாக வந்தால்தான் சோதனை சரி. இது அவளுக்குத் தெரியாதா? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆனால் அந்தப் பழைய டியூபில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அது தீர்ந்துவிடுமே என்று, பெரிய ஆர்டர் வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை. சோப்பு வில்லையை ஒட்டி வைக்கிற அதே புத்தி. 'நம்ம கைதானே, தப்பாவா போகப் போகுது' என்று விட்டுவிட்டாள். பாலைச் சந்தேகப்பட்டாள், தக்காளியைச் சந்தேகப்பட்டாள், அண்ணியைச் சந்தேகப்பட்டாள். தன்னை மட்டும் விட்டுவிட்டாள்.

சோதனை அறைக்குள் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் ஃப்ரீசரைத் திறந்தாள். பழைய டியூபை எடுத்து ஐஸில் நட்டு, அதில் மிச்சம் இருந்ததில் துளியூண்டு எடுத்து வெட்டினாள். ஒட்டு நொதியைப் போட்டாள். மதியத்துக்குள் ஜெல் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டுக் குனிந்தாள்.

பழைய பேட்சும் ஒட்டவில்லை.

முதலில் அவளுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? 'ஐயோ, இதுவும் கெட்டுப்போச்சா' என்பதுதான். பழக்கதோஷம் அப்படி. ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் மெல்ல உறைத்தது. கத்தரி நான்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. நான்குக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவளுடைய பசை.

ஒட்டு நொதி சும்மா ஒட்டாது. அதற்குத் தீனி வேண்டும். அந்தத் தீனி அதனோடு ஊற்றுகிற பஃபர் கரைசலில் இருக்கிறது. பொல்லாத சரக்கு அது. உறைய வைத்து, உருக வைத்து, மறுபடி உறைய வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அதனால்தான் வாங்கின உடனே சின்னச் சின்ன டியூபில் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்று என்று எடுக்கச் சொல்வார்கள். இவள் பிரிக்கவில்லை. அத்தனை டியூபை எதற்கு வீணாக்குவது என்று பெரிய டியூபையே எடுத்து எடுத்து உருக்கி, மறுபடி ஃப்ரீசரில் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் தொடக் கூடாது என்று மூடியில் தன் கையால் சிவப்புக் கோடு வேறு போட்டு வைத்திருந்தாள். ஆக, அதைக் கெடுத்த பெருமையிலும் யாருக்கும் பங்கு கிடையாது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அண்ணியின் முகம், மடியில் குல்லாய், தட்டு வராத மாடிப்படி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. ஆனால் அழுவதற்கு நேரம் இல்லை. சாயங்காலத்துக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டோர் ஃப்ரீசரிலிருந்து திறக்காத புதுப் பஃபரை எடுத்து வந்து, பழையது ஒன்று, புதியது மூன்று என நான்கையும் முதலிலிருந்து தொடங்கினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, வாய் மட்டும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர், அக்கா யாரிடமோ போனில் சண்டை போடுகிறாள் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

பழைய பேட்ச் ஜோராக ஒட்டியது. மறுபடி வெட்டியபோது அச்சுப் பிசகாமல் இறங்கியது. முதல் பேட்சும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவள் மூச்சு விட்டாள். இரண்டாவதைப் பார்த்தாள்.

இரண்டாவது அரைகுறையாக ஒட்டி, மறுபடி வெட்டியதும் பாதி இறங்காமல், பட்டைக்குக் கீழே புகை படிந்தது போல இழுத்துக்கொண்டு நின்றது. கொறிபட்ட முனை. சந்தேகமே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒன்றை மட்டும் மறுபடி முதலிலிருந்து செய்தாள். ஒரு பேட்ச் பாஸாக வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது கிடையாது; அன்றைக்கு வேண்டிக்கொண்டாள். புகை போகவில்லை.

மேனேஜர் கிளம்புகிற நேரம். அண்ணியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அவள் மூன்று ஜெல் படங்களை மேஜையில் போட்டாள்.

"ஒட்டாததுக்குக் காரணம் என்சைம் இல்ல சார். என் பஃபர் செத்துப்போயிருந்துச்சு. பழைய பேட்சை பக்கத்துல ஓட்டியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும், நான் ஓட்டல. தப்பு என்னோடது. முதல் பேட்ச் பாஸ். மூணாவது பாஸ்."

மேனேஜர் படத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"ரூமை மூடப் போறோம்னு சொன்னதும் எல்லாம் ஒட்டிக்கிச்சா? வீட்டுல பேசி முடிச்சுட்டீங்கபோல."

அண்ணியின் முகம் சிவந்துபோனது. வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். என்ன சொன்னாலும் அது சொந்தக்காரி பேச்சாகத்தான் இருக்கும்.

"ரெண்டாவது?" என்றார் மேனேஜர், ஒப்புக்கு.

இப்போதுதான் தப்பை ஒப்புக்கொண்ட வாய். அதே வாயால், அண்ணிக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"அது நெஜமாவே கெட்டது சார். புதுப் பசையிலயும் சரியா ஒட்டல. ரெண்டு தடவை பாத்துட்டேன். ரிஜெக்ட்."

மேனேஜரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான், பார்க்க வேண்டும் என்று தோன்றினால். இரண்டாவது பேட்சின் படத்தில் வெகுநேரம் நின்றார்.

"ரெண்டு பேட்சை நாளைக்கு அனுப்பிடலாம். மிச்சத்துக்கு இன்னொண்ணு செய்யணும்," என்றார் கடைசியில். பிறகு அண்ணியிடம், குரலைத் தாழ்த்தி, "உங்க ரூம்லதான் செய்யணும். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். இவளிடம், "பஃபர் விஷயத்தை எழுதிக் குடுங்க," என்று மட்டும் சொன்னார். அதன் கீழே அவர் எழுதப்போகும் குறிப்பு நல்லதாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தலையாட்டினாள்.

வெளியே நடைபாதையில் இரண்டு பேரும் நின்றார்கள். அண்ணி பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"ரெண்டாவது கெட்டதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி.

அவள் நிமிர்ந்தாள்.

"முதல் பேட்சை நீ தள்ளினதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்ததுல அளவும் குறைஞ்சா இன்னும் பேச்சு வாங்கணுமேன்னு, ஓரத்து டியூபையும் சேர்த்து ஊத்திட்டேன். இத்தனை வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதே இல்ல."

சுத்தம் செய்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, அதை வரிசையாக டியூபுகளில் பிடிப்பார்கள். நடுவில் வருவது சரக்கு. ஓரத்தில் வருவதில் கொஞ்சம் சரக்கும் அந்தக் கொறிக்கிற ரகமும் கலந்திருக்கும். அதை விட்டுவிட வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு விட மனசு வராது.

அவளுக்கு அப்போதுதான் முழுவதும் புரிந்தது. அவளுடைய செத்த பசை ஒரு நல்ல பேட்சைத் தள்ளினதோடு நிற்கவில்லை. அடுத்ததை உண்மையாகவே கெடுத்துவிட்டது.

"அப்ப அதுவும் என்னாலதான் அண்ணி," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"பதற வெச்சது நீ. ஊத்தினது நான். ரெண்டையும் போட்டுக் குழப்பாத." அண்ணி குல்லாயைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "நேத்து ராத்திரி என் தம்பி மாடிக்கு வந்து, மூணையும் பாஸ் பண்ணச் சொல்லியிருக்கேன் அக்கான்னு பெருசா சொன்னான். எனக்குத் தூக்கமே வரல. நீ ரெண்டாவதையும் பாஸ்னு சொல்லியிருந்தா, மத்த ரெண்டும் நல்லதுன்னு நானே நம்பியிருக்க மாட்டேன். என் கையில ஏதோ போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டே காலம் பூரா இருந்திருப்பேன்."

ரிஜெக்ட் அக்கா அழுதாள். கம்பெனியில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றும் அண்ணியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அண்ணி அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார். கோபம் முழுவதும் போய்விடவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

"வா. அதைக் கொட்டிட்டு வருவோம்."

குளிர் அறையிலிருந்து இரண்டாவது பேட்ச் பாட்டிலை எடுத்து வந்து, தொட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பாட்டிலை அண்ணியே பிடித்துக் கவிழ்த்தார்.